நுகத்தடிக்குக் கீழே: மாட்டுக்காகப் பேசுவது மனிதனை மறப்பதா?

கேள்வி | 12 ஆகஸ்ட் 2025

டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் நேற்று ஆணையிட்டதிலிருந்து தொலைக்காட்சியில் கண்ணீர் விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூலி கிடைக்காத மனிதனுக்காக இவர்களில் ஒருவர் அழுதும் நான் கண்டதில்லை. விலங்குகளிடம் இரக்கம் காட்டுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு. நம்பாதவர்கள் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

12 ஆகஸ்ட் 2025, இரவு

மறுக்கிறேன். நாயை ஒதுக்கி வைத்துவிட்டு மாட்டை எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்காரரைக் கேட்கச் சொன்னவர் நீங்கள்தான், நான் கேட்டிருக்கிறேன். கால்நடை பராமரிப்புத் துறையில் 1986 முதல் 2017 வரை ஆய்வாளராக இருந்தவன் நான். பெரும்பாலும் காவிரிக்கரை ஊர்களில்.

1993 மாசி மாதம், கரும்பு அரவைப் பருவம். ஒரு சர்க்கரை ஆலையின் வாசலிலிருந்து ஒன்றரை மைல் தூரத்துக்குக் கரும்பு வண்டிகள் வரிசையில் நின்றன. வண்டிமாடு ஒன்று விழுந்துவிட்டதாகச் சொல்லி என்னை அழைத்துப் போனார்கள். அந்த மாட்டைப் பார்த்து முடித்துத் திரும்பும்போதுதான் மற்ற மாடுகளைக் கவனித்தேன். முந்தின நாள் மாலையில் பூட்டிய நுகத்தடியை யாரும் கழற்றியிருக்கவில்லை. ஏர்க்காலின் பாரம் முழுவதும் கழுத்தில் இருக்க, கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தன. பத்தில் ஏழெட்டு மாடுகளின் கழுத்தில் தோல் உரிந்திருந்தது. சிலவற்றில் புழு வைத்திருந்தது.

வரிசையில் இருந்த வண்டிக்காரர் ஒருவரிடம் கோபமாகக் கேட்டேன். அவருக்கு என்னைவிட வயது அதிகம், ஆனாலும் ஒருமையில்தான் கேட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அவர் சத்தமே போடாமல் பதில் சொன்னார். நுகத்தைக் கழற்றி, வண்டிக்கு முட்டுக்கொடுத்து, மாட்டை மரத்தடியில் கட்டிவிட்டு வருவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டால் பின்னால் இருக்கிறவன் முந்திவிடுவான். டோக்கன் போனால் மறுநாள்தான் எடைமேடை ஏற முடியும். வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் எடை குறையும். கூலியோ டன் கணக்கில். அவரும் முந்தின நாள் மாலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.

மாட்டின் கழுத்துப் புண்ணும் அவருடைய பட்டினியும் ஒரே எடைமேடையில் உண்டானவை. ஒன்றைப் பற்றிப் பேசினால் மற்றதை மறந்துவிடுவோம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை.

13 ஆகஸ்ட் 2025

"அதற்கெல்லாம் சட்டம் இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இழுவை மாடுகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் 1965-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. அதன்படி ஒரு மாட்டை ஒரு நாளில் மொத்தமாக 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. முனையில் ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை. இந்த விதியை எழுதியவர்கள் கரூர்ப் பரமத்தியில் ஒரு சித்திரை மாதத்தைக் கழித்திருப்பார்களா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே கோடையில் 40 டிகிரியைத் தொடுவது செய்தியே அல்ல. விதிப்படி பார்த்தால் அந்தப் பக்கத்து வண்டிமாடுகளுக்கு மூன்று மாதம் மதியத் தூக்கம் கிடைத்திருக்க வேண்டும். 31 ஆண்டுப் பணியில் இந்த விதியின் கீழ் ஒரு வழக்குப் பதிவானதை நான் பார்த்ததில்லை.

இவ்விதிகளுக்குத் தாயான சட்டம் 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அது வந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1950-களில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதால் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவு முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. அன்றைக்கு அது தொகை. இன்று அந்த 50 ரூபாயில் ஒரு சிறிய குடும்பம் ஒரு வேளை தேநீர் குடிக்கலாம், வடை இல்லாமல்.

13 ஆகஸ்ட் 2025, பின்னிரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கண்டித்தார். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பழைய தண்டனைச் சட்டத்தின் 428, 429 பிரிவுகள் இருந்தன. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே எல்லாமே 50 ரூபாய்க் கதை அல்ல. ஆனால் நான் சொல்லும் கழுத்துப் புண் கொலையும் அல்ல, ஊனமும் அல்ல. வண்டிமாடு படும் துன்பத்தில் பெரும்பகுதி 325-க்கு எட்டாத உயரத்தில், அல்லது தாழ்வில், நடக்கிறது.

14 ஆகஸ்ட் 2025

மனுநீதிச் சோழனை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். இரண்டு பேர் கொண்டுவந்துவிட்டீர்கள். திருவாரூர்ப் பசு பாக்கியசாலி, அரண்மனை வாசலில் மணி ஒன்று தொங்கியது. எங்கள் வண்டிமாடுகளின் கழுத்திலேயே மணி கட்டியிருக்கிறது, நாள் முழுவதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, எவரும் வெளியே வந்து பார்ப்பதில்லை.

16 ஆகஸ்ட் 2025

"டயர் வண்டி வந்த பிறகு மாட்டுக்குச் சிரமம் குறைந்ததே" என்ற பதிவுக்குச் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டை போட்ட பழைய வண்டியின் எடையே மாட்டுக்குப் பாதிச் சுமை. அச்சு தேயத் தேயச் சக்கரம் ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் நுகத்தடி வழியாகக் கழுத்தில் இடிக்கும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசாமி, பெரிய நிறுவனங்களைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு, மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று 1970-களிலிருந்து விடாமல் பேசியவர். சக்கரத்தையும் அச்சையும் நுகத்தடியையும் மாற்றினால் மாட்டின் வலியும் குறையும், வண்டிக்காரரின் வருமானமும் கூடும் என்பது அவருடைய வாதம். மாட்டுக்கு இரக்கப்படுவதும் மனிதனுக்குக் கணக்குப் பார்ப்பதும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன. இந்த இழையின் முதல் கேள்விக்கு அவர் ஒருவரே போதுமான பதில் என்று எழுத நினைத்தேன்.

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் டயரும் பேரிங்கும் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் நான் மகிழ்ந்தேன். ஆறு மாதம் ஆகவில்லை. வண்டி லேசாக உருள்கிறது என்று தெரிந்ததும் ஒரு டன் ஏற்றியவர்கள் ஒன்றரை ஏற்றினார்கள், பிறகு இரண்டு. சமதரையில் மாடு இழுத்துவிடும். ஆற்றங்கரையின் ஏற்றத்தில்தான் தெரியும். முன்னங்கால் மண்டியிட்டு முழங்காலில் தோல் போகும். இறக்கத்தில் இன்னும் மோசம், வண்டி முழுவதும் பின்னாலிருந்து கழுத்தில் வந்து ஏறும். மாட்டுக்கென்று கண்டுபிடித்த சுகத்தைப் பாரம் தின்றுவிட்டது.

17 ஆகஸ்ட் 2025

இரண்டாம் யோசனை. வறுமைதான் கொடுமைக்குக் காரணம் என்று நான் சொல்வதுபோல் இருப்பதாக ஒருவர் சுட்டியிருக்கிறார். முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஆம், அப்படித்தான் இருக்கிறது, அது தவறு.

என் பொறுப்பில் இருந்த ஊர்களிலேயே மிகவும் ஏழை, புறம்போக்கில் குடிசை போட்டிருந்த ஒரு பாட்டி. அவரிடம் நான்கு ஆடுகள். ஈன்ற ஆட்டுக்கு முதல் மூன்று நாள் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். தனக்கு விறகு இல்லாத நாளிலும் வைப்பார். குளம்பில் புண் வந்த குட்டியை மடியில் போட்டு, சீதா இலையை அரைத்து வைத்துக் கட்டிப் புழுவை வெளியே எடுத்தவர். அந்த மருந்தை நான் அவரிடமிருந்துதான் கற்றேன், எங்கள் பயிற்சியில் சொல்லித்தரவில்லை. கறிக்கு விற்கப்போகிற ஆடுதானே, ஏன் இவ்வளவு என்று கேட்டபோது, "விக்கிற அன்னைக்கு வித்துக்கலாம், இன்னைக்கு அது எங்கூடத்தானே இருக்குது" என்றார்.

இதே வட்டாரத்தில், ரேக்ளாப் பந்தயத்துக்கென்று லட்சக்கணக்கில் கொடுத்துக் காளை வாங்கிய வசதியான மனிதர் ஒருவர் இருந்தார். பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் வைப்பார், தினமும் குளிப்பாட்ட ஆள் வைத்திருந்தார். பந்தயத்தன்று காளையை விரட்ட அதன் வாலைக் கடிக்க அதே ஆளுக்குத் தனிக் கூலி.

ஆகவே வறுமையும் செல்வமும் இதை முடிவு செய்வதில்லை. உயிரோடு இருக்கும் ஒன்றை ஓர் எண்ணாக மட்டும் பார்க்கிற நேரம் என்று ஒன்று வருகிறது: டன், டோக்கன், நொடி. அந்த நேரத்தில்தான் தார்க்குச்சி கைக்கு வருகிறது. பாட்டிக்கு அந்த நேரம் வரவே இல்லை, அல்லது அவர் வரவிடவில்லை.

19 ஆகஸ்ட் 2025

ஜல்லிக்கட்டைப் பற்றி என் நிலை என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தடை விதித்த 2014 தீர்ப்பு, மறுபடி அனுமதித்த 2017 தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சண்டையை இங்கே மறுபடி போட எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். வாடிவாசலுக்கு முன்னால் நடப்பதை எல்லாரும் பார்க்கிறார்கள், ஒளிபரப்பும் இருக்கிறது. வாடிவாசலுக்குப் பின்னால், டோக்கனோடு இரவிலிருந்தே வரிசையில் நிற்கும் காளைகளுக்குத் தண்ணீரும் நிழலும் எத்தனை மணிக்கு ஒருமுறை கிடைக்கின்றன என்று போய்ப் பாருங்கள். எனக்கு எல்லாம் வரிசையாகவே தெரிகிறது. கண் கோளாறாகவும் இருக்கலாம்.

23 ஆகஸ்ட் 2025

நேற்று உச்ச நீதிமன்றம் தன் ஆணையைத் திருத்திவிட்டது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே நாய்களை விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நாயைப் பற்றிய பேச்சு வேண்டாம் என்று தொடங்கிய நானே இதில் இறங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 17-ஆம் தேதி எழுதியதை இது கொஞ்சம் உடைக்கிறது.

உயிரை எண்ணாகப் பார்ப்பதே குற்றம் என்பதுபோல் எழுதினேன். ஆனால் ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி போட்டு அந்த அளவைத் தக்கவைத்தால் அங்கே வெறிநோய்ப் பரவல் அறுந்துபோகும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. இதுவும் எண்தானே. இந்த எண் நாயையும் காக்கிறது, நாய் கடித்த குழந்தையையும் காக்கிறது. சென்னையில் மாநகராட்சி பல தலைமுறைகளாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, நாய்கள் குறையவில்லை. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்று பல பத்தாண்டுகள் வாதாடிய பிறகு, 1996-இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-இல் நாடு முழுவதற்கும் விதியாயிற்று.

அந்த விதி ஒழுங்காக நடந்திருந்தால் இன்று இந்த வழக்கே இருந்திருக்காது. 70 என்று சொல்லி 20-இல் நிறுத்திவிட்டு, மீதியைக் கடிபட்ட குழந்தையின் தலையில் போட்டுவிட்டு, நாய்க்கு இரக்கம் காட்டுகிறோம் என்று சொன்னால் கேள்வி கேட்டவருக்குக் கோபம் வருவது நியாயம். அவருடைய பதிவில் முதன்முறையாக எனக்கு உடன்பாடான இடம் இது. (நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சமையலறையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் இருக்கட்டும்.)

24 ஆகஸ்ட் 2025

லாரி பற்றிக் கேட்டவருக்கு. 1978-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மேற்கு எல்லைச் சோதனைச் சாவடி ஒன்றில் இரண்டு ஆண்டு பணியில் இருந்தேன். ஒரு விடியற்காலையில் நிறுத்திய லாரியில் நான் எண்ணியது 27. படுத்தால் எழ முடியாது, மற்றவை மிதித்துவிடும் என்பதால் படுக்க முயன்ற மாடுகளின் கண்ணில் மிளகாய்ப் பொடி தடவியிருந்தார்கள். தடவியது கிளீனர் பையன். பதினாறு வயதுகூட இருக்காது. மாடுகளுக்கு மேலே கட்டிய பலகையில் இரவு முழுவதும் உட்கார்ந்து வந்திருக்கிறான், அவன் கண்ணும் மிளகாயில் சிவந்திருந்தது. கையைத் துடைக்காமல் தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கியிருக்கிறான். என்னிடம் இருந்த உப்புநீரை மாடுகளுக்கும் அவனுக்குமாக ஊற்றினேன். யாருக்கு முதலில் ஊற்றினேன் என்று நினைவில்லை.

2 செப்டம்பர் 2025

ஒன்பது நாள் எழுதவில்லை. எழுத வேண்டியது ஒன்று இருந்தது, தள்ளிப்போட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராமங்களில் காளைக்குக் காயடிப்பது கல்லாலும் கட்டையாலும்தான் நடந்தது. மாட்டைக் கயிறு போட்டுத் தள்ளி, நாலு பேர் அமுக்கிப் பிடித்து, விதையை நசுக்குவார்கள். அதன் அலறல் ஊருக்கு வெளியேயும் கேட்கும். அதற்கு மாற்றாகத் துறை கொண்டுவந்தது பர்டிசோ என்ற இடுக்கி. தோல் கிழியாது, இரத்தம் வராது, நரம்பும் இரத்தக் குழாயும் மட்டும் உள்ளே நசுங்கும். கல்லோடு ஒப்பிட்டால் அது கருணை. நான் ஊர் ஊராகப் போய் அதைத்தான் சொன்னேன்.

இரத்தம் வராததால் வலி இல்லை என்று ஆகிவிடாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து செய்யலாம். முகாம் நாட்களில் எனக்கு இலக்கு இருந்தது, ஒரு நாளைக்கு 40. மருந்து போதாத முகாம்கள் பல. ஆனால் மருந்து பெட்டியில் இருந்தும் நான் போடாத நாட்களும் உண்டு. 40 மாட்டுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் இருட்டிவிடும், கடைசிப் பேருந்து போய்விடும். ஒரு முகாமில், மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பையன் பெட்டியைப் பார்த்துவிட்டு, எனக்குப் பல் பிடுங்கினபோது ஊசி போட்டார்களே, இதற்குப் போடமாட்டீர்களா என்று கேட்டான். மாட்டுக்குத் தெரியாதப்பா என்றேன். மாடு என் கண்ணுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சாயங்காலம் பதிவேட்டில் 40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆலை வாசலில் அந்த வண்டிக்காரரை நான் ஒருமையில் திட்டியது இதற்கு மூன்று ஆண்டு முன்னால்.

3 செப்டம்பர் 2025

"அப்படியானால் நீங்களும் கொடுமைக்காரர்தானே" என்று கேட்டவருக்கு: ஆம். 2004-க்குப் பிறகு ஊசி இல்லாமல் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன், முகாம் எண்ணிக்கை 15, 16 என்று இறங்கியது, இரண்டு முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். வேலை போகவில்லை. அந்த அளவுக்கு மலிவாக முடிந்திருக்கக்கூடியதைப் பத்தாண்டுகளுக்கு மேல் ஏன் செய்யவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி.

9 நவம்பர் 2025

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்று முந்தாநாள் புதிய ஆணை வந்திருக்கிறது. இழை மறுபடியும் சூடாகியிருப்பதைப் பார்த்தேன். காப்பகம் கட்ட இடமும் பணமும் எங்கே என்று ஒருவர் கேட்டிருப்பதுதான் இதில் எனக்கும் கேள்வி. வேறு ஒரு காரியத்துக்காகத்தான் இங்கே வந்தேன்.

சென்ற வாரம் அந்தப் பழைய ஊருக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். இப்போது ஆலைக்குக் கரும்பு டிராக்டரில் போகிறது. வண்டிமாடு ஒன்றுகூட வரிசையில் இல்லை. வரிசை இருக்கிறது. டிராக்டர் ஓட்டும் பையன்கள் டிரெய்லருக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் முந்தின நாள் காலையில் வந்ததாகச் சொன்னான். மாட்டை அவிழ்த்துவிட்டார்கள், ஆளை அவிழ்க்கவில்லை. இதைக் கேள்வி கேட்டவருக்காகவே எழுதுகிறேன்.

1993-இல் நான் திட்டிய வண்டிக்காரர் இறந்து பல ஆண்டுகளாகிறது. அவருடைய மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தார். பரணில் அப்பாவின் நுகத்தடி இருக்கிறது என்று இறக்கிக் காட்டினார். மாட்டின் கழுத்து படுகிற இரண்டு இடத்திலும் பழைய சேலைத் துணியைப் பல சுற்றுச் சுற்றி, மேலே சணலால் நெருக்கித் தைத்திருந்தது. துணி கறுத்து இறுகிப்போயிருந்தது, முகர்ந்தால் வேப்பெண்ணெய் வாடை லேசாக இருந்தது. மாடு பூட்டின காலம் முழுவதும் ராத்திரியில் அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து இதைப் பிரித்துப் பிரித்துத் தைப்பார்கள் என்றார்.

அன்றைக்கு ஆலை வாசலில் அந்த நுகத்தடிக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுதான் அவரைத் திட்டினேன். துணியைப் பார்த்த நினைவே இல்லை.